காத்து எதுமேல நிக்குது?

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மத்தியானம் 2 மணி 8 நிமிஷத்துக்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் நடுங்கியது. அளவு 8.6. அந்த நேரத்தில் என் அண்ணன் கடலுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருந்தான். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டரை வருஷம் கழித்து முதல்தடவையாக லீவில் வருகிறான். சாயங்காலம் திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து மாட்டுத்தாவணி வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான் என்பது கணக்கு. அம்மா காலையிலேயே கறி எடுத்து வைத்துவிட்டாள்.

எங்கள் வீடு மதுரை விமான நிலையத்துக்குக் கிழக்கே, ரிங் ரோட்டைத் தாண்டி. விமானம் எங்களுக்குப் புதுசு இல்லை. தாழ்வாக இறங்கும்போது அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் லேசாகக் கிணுகிணுக்கும். அப்பத்தா அதை வைத்தே மணி சொல்லும். அன்றைக்குத் தரை ஆடியதை நாங்கள் யாரும் உணரவில்லை. சென்னையில் ஆபீஸ்களைவிட்டு ஜனங்கள் ரோட்டில் வந்து நிற்பதை டிவியில்தான் பார்த்தோம். கீழே 'சுனாமி எச்சரிக்கை' என்று எழுத்து ஓடியது. 2004 முடிந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டால் கடலே பார்க்காத ஊர்க்காரனுக்கும் வயிறு கலங்கும். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. 2012 கோடையை மதுரைப் பக்கம் கழித்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

டிவி அணைந்த இருட்டில் அப்பத்தா கேட்டது.

"ஏய்யா, பூமி ஆடுனா பிளேனு ஆடாதா?"

"ஆடாது அப்பத்தா. அது காத்துலல்ல போகுது."

"காத்து எதுமேல நிக்குது?"

நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருஷம். அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. 4 மணி 13 நிமிஷத்துக்கு அதே இடத்துப் பக்கம் மறுபடியும் ஒன்று, 8.2. அதைப் பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் எஃப்எம் கேட்டுவிட்டு வந்து சொன்னான். அம்மா வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். அப்பத்தா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பதில் வரவேண்டிய ஆள் நான்தான் என்பதுபோல.

ஐந்தரைக்கு அண்ணன் போன் பண்ணினான். "எறங்கிட்டேன். எதுக்குடா இத்தன மிஸ்டு கால்?" நிலநடுக்கம் என்றேன். "எங்க?" என்றான். சோறு கொடுத்தார்களாம், தின்றுவிட்டுத் தூங்கிவிட்டானாம். இரண்டு நிலநடுக்கங்களும் நடந்தபோது அவன் வானத்தில் நல்ல உறக்கத்தில் இருந்திருக்கிறான். ராத்திரி வீட்டுக்குள் நுழைந்தவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்பத்தா சொன்னது: "தரையில கெடந்த நாங்கதேன் ஆடிப்போனோம்."

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'விமானம் காற்றில் போகிறது, அதனால் ஆடாது' என்ற பதில் முடிவில் சரி, காரணத்தில் அரைகுறை. காற்று தனியாக எங்கோ தொங்கவில்லை. அது பூமியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கிணற்றின் அடியில் உட்கார்ந்திருப்பதைப்போல. அடி ஆடினால் தண்ணீர் ஆடும். அப்படியென்றால் காற்றும் ஆடத்தானே வேண்டும்?

ஆடுகிறது. இதற்கான பரிசோதனையை எங்கள் பக்கம் எல்லாரும் சின்ன வயதிலேயே செய்து பார்த்திருப்போம், பெயர் தெரியாமல். அம்மாச்சி வீடு மேலூர்ப் பக்கம். ஊருக்கு ஒரு இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கல்குவாரி. வெடி வைக்கும் நேரம் ஊருக்கே தெரியும். முதலில் திண்ணை ஒருமுறை 'திம்' என்று உள்ளுக்குள் அதிரும், காலில் மட்டும் தெரிகிற மாதிரி. அப்புறம் ஒரு இடைவெளி. நாங்கள் பிள்ளைகள் எண்ணுவோம். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு எண்ணும்போது சத்தம் வந்து சேரும். ஒரே வெடிதான், வந்த வழிதான் இரண்டு. பாறை வழியாக வந்த அதிர்வு வினாடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் அரை வினாடிக்குள் வந்துவிட்டது. காற்று வழியாக வந்தது வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதற்கு ஆறு வினாடி பிடித்தது.

நிலநடுக்கத்திலும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. அதிர்வு பாறைக்குள் பிறந்து மேலே வந்து, தரையும் காற்றும் சந்திக்கும் இடத்தில் முட்டுகிறது. கீழே கருங்கல், மேலே காற்று. இவ்வளவு கனமான ஒன்று இவ்வளவு லேசான ஒன்றுக்குத் தன் ஆட்டத்தைக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அடர்த்தியையும் அதிர்வின் வேகத்தையும் பெருக்கி இரண்டையும் ஒப்பிட்டால் பாறை காற்றைப்போல நாற்பதாயிரம் மடங்கு வருகிறது. விளைவு, செங்குத்தாக மேலேறி வரும் ஆற்றலில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் நுழைகிறது. மீதியெல்லாம் முட்டித் திரும்பிக் கீழேயே போய்விடுகிறது. இன்னொன்று: நிலநடுக்க அலைகளில் பக்கவாட்டில் உலுக்குகிற வகை ஒன்று உண்டு. வீட்டை அதிகம் இடிப்பது அதுதான். காற்றுக்குள் அது போகவே போகாது. பக்கவாட்டில் இழுத்தால் பிடித்துக்கொண்டு எதிர்த்து நிற்க காற்றுக்கு வலு கிடையாது. மேலும் கீழுமாகத் தரை அசைவது மட்டும்தான் காற்றைத் தள்ளும்.

எவ்வளவு தள்ளும்? சுவரில் விரிசல் விழவைக்கிற ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். தரை வினாடிக்குப் பத்து செண்டிமீட்டர் வேகத்தில் மேலும் கீழும் போகிறது என்று வைத்தால், அதன் மேலுள்ள காற்றில் ஏற்படும் அழுத்த மாற்றம் சுமார் 40 பாஸ்கல். கேட்கப் பெரிசாக இருக்கும். தரையிலிருந்து ஓட்டு வீட்டு மொட்டைமாடி வரை ஏறினால் காற்றழுத்தம் குறையுமே, அவ்வளவுதான் அது. மூன்று, மூன்றரை மீட்டர் உயரம். (ஓட்டு வீட்டுக்கு ஏது மொட்டைமாடி என்று அப்பத்தா கேட்டிருக்கும். காரை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இந்தத் தள்ளல் ஒலியாக மேலே கிளம்புகிறது. நமக்குக் கேட்காத, ரொம்பத் தாழ்ந்த ஒலி. பத்து கிலோமீட்டர் உயரத்தில் போகும் விமானத்தைத் தொட அதற்கு அரை நிமிஷம் ஆகும். மேலே போகப்போகக் காற்று மெலிவதால் அசைவு கொஞ்சம் பெருக்கவும் செய்யும். பத்து செண்டிமீட்டர் வேகம் அந்த உயரத்தில் பதினேழு செண்டிமீட்டர் ஆகலாம். ஆனால் ஒரு சாதாரண மேகத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது விமானம் சந்திக்கிற ஏற்ற இறக்கக் காற்று வினாடிக்கு மீட்டர் கணக்கில் இருக்கும். அந்த அமளியில் பதினேழு செண்டிமீட்டர் எந்த மூலை? அதுவும் நான் போட்டது நடுக்கத்துக்கு நேர் மேலே பறக்கும் விமானத்தின் கணக்கு. அண்ணன் அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தான். அவன் தூக்கத்துக்கு ஒரு பங்கமும் வந்திருக்க முடியாது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த ஒலி விமானத்தைத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கிறது. காற்று மெலிய மெலிய அசைவு பெருகுகிறது. எட்டுப் பத்து நிமிஷத்தில் அது இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், அங்கே மின்னூட்டம் பெற்று மிதக்கும் அயனி மண்டலத்தையே அலைக்கழிக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை அந்த மண்டலத்தைக் கடந்துதான் தரைக்கு வருகிறது என்பதால், அதில் விழும் சிறு தாமதங்களை வைத்து இதைப் பிடித்துவிட முடியும். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின் தடம் இப்படிப் பதிவாகியிருக்கிறது. 2011 மார்ச் 11 ஜப்பானில் 9.0 அளவில் நிலம் நடுங்கியபோது, பூமியின் ஈர்ப்பு விசையை அளப்பதற்காக ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பியிருந்த கோசே என்ற செயற்கைக்கோள் சுமார் 260 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே காற்று என்று சொல்வதற்கே ஏதுமில்லை. இருந்த அந்தச் சொற்பத்தில் வந்த அலை அதன் கருவிகளில் பதிந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2013-இல்தான் ஆராய்ச்சியாளர்கள் தரவுகளில் இருந்து அதை எடுத்துச் சொன்னார்கள்.

ஆக, அப்பத்தா கேட்டதில் நியாயம் இருந்தது. காற்று பூமிமேல்தான் நிற்கிறது. பூமி ஆடினால் வானத்தின் உச்சிவரை ஆடுகிறது. விமானம் பறக்கிற உயரம்தான், அதன் அதிர்ஷ்டம், அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாத உயரம்.

இந்த அதிர்ஷ்டம் கடலிலும் உண்டு. 2004-இல் நாகப்பட்டினத்துக்காரர்கள் சொன்னது நினைவிருக்கும். ஆழ்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சுனாமி தங்கள் படகுக்கு அடியில் போனதை அறியவே இல்லை. ஆழமான தண்ணீரில் அந்த அலை உயரமே இல்லாமல், நீண்டு, மெதுவாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போயிருக்கும். மீனோடு கரைக்குத் திரும்பியவர்களுக்குக் கரை இல்லை. ஆபத்து நடந்த இடத்துக்கு மேலேயே இருந்தவன் தப்பித்தான். அவன் திரும்பி வரவேண்டிய இடம் போய்விட்டது.

விமானத்துக்கும் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. வானத்தில் நிரந்தரமாக இருக்க யாராலும் முடியாது. எரிபொருள் கணக்குப் போட்டுத்தான் ஏற்றுவார்கள்: போகிற ஊர் வரைக்கும், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையம் வரைக்கும், அதற்கு மேல் கடைசிக் கையிருப்பாக அரை மணி நேரம் சுற்ற. ஒரே ஒரு நிலையம் மூடினால் இந்தக் கணக்கு தாங்கும். 2011 மார்ச் 11 மத்தியானம் டோக்கியோவின் நரிதா, ஹனேடா இரண்டுமே மூடின. பசிபிக் கடலைத் தாண்டி வந்த விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேறு ஊர் தேடின. மாற்று நிலையங்களிலும் இடம் நெருக்கியது. எரிபொருள் தீரப்போகிறது என்று விமானிகள் அறிவிக்க வேண்டிவந்தது. வடக்கே செந்தாய் விமான நிலையத்துக்குள் கடல் புகுந்து, கார்களும் சிறு விமானங்களும் ஒன்றாய் மிதந்ததை நாம் வீடியோவில் பார்த்தோம். அது ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 13-இல்தான் திறந்தது.

2015 ஏப்ரல் 25 நேபாளம். காத்மாண்டுவில் பெரிய விமானம் இறங்க இருப்பதே ஒரு ஓடுபாதை. 7.8 நடுக்கம் வந்த நிமிஷத்தில் இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்த விமானங்கள் பாதி வழியில் திரும்பின. அடுத்த நாட்களில் நிவாரணப் பொருளோடு போனவை நிறுத்த இடமில்லாமல் மணிக்கணக்கில் வட்டமடித்தன. ஒரு வாரம் கழித்துப் பாதையில் சேதம் தெரியவே, பெரிய விமானங்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சோறும் கூடாரமும் ஏற்றிவரும் விமானங்களே பெரியவைதான் என்பதை யோசித்துப் பாருங்கள். இதற்கு முன்பே, 2004-இல், கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் அழித்தது. படைவீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஓடுபாதையில் மிச்சமிருந்த நீளத்தில்தான் மீட்பு விமானங்கள் இறங்கின. 2025 மார்ச் 28 மியான்மர் நடுக்கத்தில் நேப்பிடோ விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமே சாய்ந்து விழுந்தது.

மதுரைக்கு இதெல்லாம் வருமா என்று கேட்கலாம். 2002-ஆம் வருஷத்து இந்திய நிலநடுக்க வரைபடத்தில் நம் ஊர் இரண்டாம் மண்டலம், அதாவது இருப்பதிலேயே ஆபத்து குறைந்தது. யானைமலையைப் பார்த்தாலே தெரியும், இது பழைய, கெட்டிப்பட்ட பாறை. அதற்காக ஒன்றுமே நடக்காத பூமி என்றும் சொல்ல முடியாது. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர் பக்கம் சுமார் 6 அளவில் ஆடியது. தென்னிந்தியாவில் பாதி உணர்ந்த ஆட்டம் அது. நம் ஓடுபாதையும் ஒன்றே ஒன்றுதான், கிழக்கு மேற்காக. அது ஒரு மணி நேரம் மூடினாலும் இறங்க வந்தவர்கள் திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகவேண்டியதுதான். பெரிய நடுக்கம் வந்தால் உலகில் எந்த நிலையமானாலும் முதல் வேலை ஒன்றுதான்: வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபாதை நெடுகப் போய் விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. அது முடியும்வரை மேலே இருப்பவன் மேலேதான்.

அண்ணன் உறங்கிக்கொண்டு வந்த அந்த நாலு மணி நேரமும் அவன் பத்திரமாக இருந்ததற்கு இயற்பியல் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியைக் கீழே சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய நடுக்கத்தில் நிலத்தட்டுகள் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் வழுக்கின. அதனால் கடல் பெரிதாக எழவில்லை, சாயங்காலத்துக்குள் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். திருச்சி ஓடுபாதை அவனுக்காகத் திறந்தே இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் பூமி இப்படிக் கருணை காட்டுவதில்லை.

பலு இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு வளைகுடாவின் முனையில் இருக்கும் ஊர். 2018 செப்டம்பர் 28 சாயங்காலம் ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு அங்கே 7.5 அளவில் நிலம் நடுங்கியது. அந்த நேரத்தில் மகாசருக்குப் போகவேண்டிய பாட்டிக் ஏர் 6321 ஓடுபாதையில் கிளம்பத் தயாராக இருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியிலிருந்தவர் அந்தோனியஸ் குணவான் அகுங். வயது 21.

இதுவரை நான் சொன்ன கணக்கெல்லாம் சக்கரம் தரையை விட்ட பிறகுதான் செல்லும். சக்கரம் தரையில் இருக்கும்வரை விமானமும் ஒரு வீடு மாதிரிதான். பூமி ஆடினால் அதுவும் ஆடும். அந்த விமானி ரிகோசெட்டா மஃபெல்லா பின்னர் சொன்னார், வேகமெடுத்து ஓடும்போது விமானம் இடமும் வலமுமாக அசைந்தது என்று. வேகமெடுத்துவிட்ட பிறகு நிறுத்துவதைவிட எழுவதே மேல். எழுந்தார். எழுந்த அந்த வினாடியில் பூமியின் ஆட்டத்தோடு அவருக்கிருந்த சம்பந்தம் அறுந்தது.

கோபுரத்தில் இருந்தவருக்கு அறவில்லை. கோபுரம் ஆடத் தொடங்கியதும் உடனிருந்தவர்கள் இறங்கி ஓடினார்கள். அகுங் இறங்கவில்லை. விமானத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அது தரையைவிட்டு எழும்வரை நின்றார். கூரை பெயரத் தொடங்கியிருந்தது. விமானம் எழுந்ததைப் பார்த்த பிறகுதான் தன்னைப்பற்றி யோசித்திருக்க வேண்டும். இறங்கும் வழிக்கு நேரம் இல்லை. நாலாவது மாடியிலிருந்து குதித்தார். கால் முறிந்தது, உள்ளேயும் காயம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வருவதாக இருந்தது. பலுவுக்கு எதுவும் லேசில் வந்து இறங்கமுடியாத நிலைமை. ஓடுபாதையில் நீளமாக விரிசல் விழுந்திருந்தது. ஹெலிகாப்டர் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அவர் வயதில்தான் நானும் அண்ணனுக்காகத் திண்ணையில் உட்கார்ந்து, செல்போனை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தேன். அந்த விமானத்தில் இருந்தவர்களுக்கும் எங்காவது ஒரு திண்ணை இருந்திருக்கும், ஒரு அப்பத்தா இருந்திருக்கும். பயணிகளில் எத்தனை பேர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தார்களோ. மேலே போனபிறகு விமானி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பலு வளைகுடாவில் கடல் வித்தியாசமாகச் சுழல்வது தெரிந்திருக்கிறது. சில நிமிஷங்களில் அந்தக் கடல் ஊருக்குள் ஏறியது. ஊரிலும் சுற்றிலுமாக நாலாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள்.

பாட்டிக் ஏர் 6321 மகாசரில் பத்திரமாக இறங்கியது. அகுங்குக்கு அவர் வேலை பார்த்த நிறுவனம், இறந்த பிறகு, இரண்டு படி பதவி உயர்வு கொடுத்தது.